லாக் நம்பர்

"இன்னும் ஒரு தடவை தப்பா அடிச்சா அவ்வளவுதான். செட்டு செத்துடும்" என்றார் கார் ஸ்டீரியோ மாட்டும் கடைக்காரர் ஜவஹர் அலி.

அல்லி விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பழைய ஆம்னி வேனின் டேஷ்போர்டிலிருந்து வயரோடு தொங்கியது ஸ்டீரியோ. திரையில் நாலு காலிக் கட்டங்கள் மினுக்கின.

"நம்பருக்கு நாங்க எங்க போறது?"

"புது மாடல் காரோட கம்பெனி செட்டும்மா இது. கழட்டினா பூட்டிக்கும். அந்தக் கார்க்காரருக்குத்தான் நம்பர் தெரியும். யாரு கார்ல இருந்தது?"

"யாருக்குத் தெரியும்? நாகப்பட்டினத்துல ஒரு பழைய சாமான் கடையில அப்பா வாங்குச்சு."

"எப்ப?"

"போன வாரம்."

"பில்லு?"

"பழைய சாமானுக்கு எவன் பில்லு தர்றான்?"

"வித்த ஆளு எப்படி இருந்தான்?"

"மாப்பிள்ளை பாக்கவா போனோம், பாய்?"

அல்லிக்குப் பதினேழு வயது. ப்ளஸ் டூவைப் பாதியில் விட்டவள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் என்று ஊரில் சொல்வார்கள். படிப்பு ஏறவில்லை என்று அவளே சொல்லிவிடுவாள்.

ஜவஹர் அலி ஒரு ஸ்டூலை இழுத்து அவள் அப்பா கருப்பையன் பக்கம் போட்டார். "உக்காருங்கண்ணே. டீ சொல்றேன். நீங்க சொல்லுங்க, யார்கிட்ட வாங்குனீங்க?"

கருப்பையன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது.

"அப்பாவால பேச முடியாது. தொண்டையில ஆபரேஷன். எதுவா இருந்தாலும் என்கிட்ட கேளுங்க. டீயெல்லாம் வேணாம், வண்டியில ஐஸ் உருகுது. மதியத்துக்குள்ள குரும்பகரம் போகலைன்னா அத்தனை மீனும் குப்பைக்குத்தான்."

"மீன் வண்டிக்கு இவ்வளவு பெரிய செட்டு எதுக்கு?"

அல்லிக்குச் சுருக்கென்றது. "ஏன், மீன்காரங்க வச்சுக்கக் கூடாதா? வந்ததுலேர்ந்து பாக்கறேன், போலீஸ் மாதிரி கேள்வி மேல கேள்வி. எங்களைப் பார்த்தா திருடங்க மாதிரியா இருக்கு?"

கருப்பையன் மகளின் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு தன் போனை எடுத்து ஒரு பட்டனைத் தட்டி, ஜவஹர் அலியின் காதருகே நீட்டினார்.

கணீரென்று ஒரு குரல் கிளம்பியது. "மீனேய், மீனு! கெளுத்தி, வஞ்சரம், பாறையேய்! அக்கா, சட்டியோட ஓடியா! அப்புறம் தீந்துபோச்சுன்னு என்னைத் திட்டக் கூடாது!"

"யாரு இது?"

"அப்பாதான். ஆபரேஷனுக்கு மொத நாள் நான் கத்தச் சொல்லிப் புடிச்சு வச்சேன். இந்தக் குரலுக்குத்தான் ஊர்ல கதவு திறக்கும். நான் கத்தினா ஒருத்தியும் எட்டிப் பாக்கறதில்ல. ஆறு மாசமா பாதி மீன் திரும்பி வருது. மெகாபோன் வாங்கினோம், உப்புக் காத்துல பத்தே நாள்ல ஊமையாயிடுச்சு. இந்த செட்டுல புளூடூத் இருக்கு, மேல குழாய் ஸ்பீக்கர் கட்டுனா தெருக்கோடி வரைக்கும் கேக்கும்னாங்க. இதுவும் இல்லைன்னா வண்டியை வித்துட வேண்டியதுதான்."

ஜவஹர் அலி வேனுக்குள் தலையை விட்டு, திரையை மறைத்தபடி நாலு தடவை தட்டினார்.

டிங். செட்டு திறந்துகொண்டது.

"அட! தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு நேரம் படுத்துனீங்களா?"

"எப்பவாவது லக்கு அடிக்கும்மா" என்றார் அவர்.

பிறகு வேலையில் இறங்கினார். டேஷ்போர்டில் இருந்த சின்ன ஓட்டையை அறுத்துப் பெரிதாக்கினார். பழைய வண்டியின் வயரும் புதிய செட்டின் வயரும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துச் சேர்த்தார். கூரையில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, "போடும்மா" என்றார்.

கருப்பையனின் குரல் தெருவையே தூக்கியது. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "கெளுத்தி என்ன விலை?"

"கெளுத்தி இன்னைக்கு இல்லக்கா! அது செட்டுல மட்டும்தான்!"

கருப்பையன் ஜவஹர் அலியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இருந்ததிலேயே நல்ல வஞ்சரமாகப் பார்த்து எடுத்து நீட்டினார். அவர் வேண்டாம் வேண்டாம் என்றும் விடவில்லை.

குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனாள் அல்லி. அங்கே சீட் கவர் தைத்துக்கொண்டிருந்தார் முருகானந்தம்.

"மாட்டியாச்சா? பாய் வேலை சுத்தமா இருக்கும். பாவம், அவரு கார்லதான் செட்டு இல்ல" என்றார்.

கடையோரம் நின்ற வெள்ளைக் காரை அல்லி குனிந்து பார்த்தாள். டேஷ்போர்டின் நடுவில் செவ்வகமாக ஒரு பள்ளம். வயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"பத்து நாள் ஆச்சு. கண்ணாடியை உடைச்சு உருவிட்டுப் போயிட்டானுவ. ஆனா அது லாக் போட்ட செட்டு, பாயோட நம்பர் இல்லாம எவனாலயும் ஓட்ட முடியாது. எப்படியும் ஏதாவது ஒரு கடைக்கு மாட்ட வந்துதானே ஆகணும்?"

அல்லியின் கையில் சொம்பு அப்படியே நின்றது. "போலீஸ்ல சொல்லலையா?"

"சொல்லாமலா? யாராவது அந்த செட்டைக் கொண்டுவந்தா பேச்சுக் கொடுங்க, உக்கார வைங்க, உடனே எங்களுக்கு ஒரு போன் போடுங்கன்னு எஸ்.ஐ. படிச்சுப் படிச்சு சொன்னாரே!"

அல்லி திரும்பிப் பார்த்தாள். ஜவஹர் அலி வேனின் பின்னால் நின்று, கை காட்டி அப்பாவை ரிவர்ஸ் எடுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

பேச்சுக் கொடுத்தார். உட்கார வைத்தார். போன் மட்டும் போடவில்லை.