தேள் கொட்டிய இடம்

"இவளை நம்பி நான் தலையையே அடகு வச்சிருக்கேன் டாக்டர்! இவ என்னடான்னா முட்டியை உடைச்சிக்கிட்டு வந்து படுத்திருக்கா!"

இயன்முறை மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாகப் பயிற்சியாளர் கொதித்தார். மைதானத்திலிருந்து நேரே வந்திருந்தார். கழுத்தில் விசில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

கட்டிலில் படுத்திருந்தவள் அவர் குழுவின் முதன்மையான ஓட்டக்காரி. அடுத்த மாதம் தேர்வு ஓட்டம். அதைத் தவறவிட்டால் இந்த ஆண்டின் உழைப்பெல்லாம் வீண்.

"உக்காருங்க சார். கோபத்துல விசிலை ஊதிடாதீங்க, பக்கத்து அறையில ஒருத்தர் இப்பத்தான் கண்ணயர்ந்தாரு," என்ற மருத்துவர், அவளுடைய முழங்காலின் வெளிப்புறத்தை விரலால் அழுத்தினார்.

அவள் பல்லைக் கடித்தாள்.

"முட்டி உடையல. இடுப்புலேர்ந்து தொடையோட வெளிப்பக்கமா ஒரு பட்டை இறங்கி, முட்டிக்குக் கீழ ஒட்டியிருக்கு. முட்டி லேசா மடங்குறப்போ அது எலும்புல அழுந்துது. வலி முட்டியில, பலவீனம் இடுப்புத் தசையில. தேள் கொட்டினது ஓரிடம், நெறி கட்டினது வேறிடம்."

"தேர்வுக்குள்ள சரியாகுமா?"

"சொன்னபடி கேட்டா ஆகலாம். கொஞ்ச நாள் ஓட்டம் வேணாம். ஒருக்களிச்சுப் படுத்துக் காலைத் தூக்கி இடுப்பைப் பலப்படுத்தணும். இப்போதைக்கு ஐஸ். கூட வந்த பொண்ணு வாங்கப் போயிருக்கா." மருத்துவர் அவள் பக்கம் திரும்பினார். "வேகமா ஓடினா வலிக்குதாம்மா?"

"அவ்வளவா இல்ல டாக்டர்."

"மெதுவா ஓடினா?"

"அப்பத்தான் உயிர் போகுது."

"வேகமா ஓடுறப்போ முட்டி நல்லா மடங்கிடும். மெதுவா ஓடினா, பட்டை அழுந்துற அந்த மடிப்பிலேயே திரும்பத் திரும்பக் கால் இறங்கும். நீ சிட்டாப் பறக்குறவளாச்சே, யார்கூட இப்படி ஊர்ந்துக்கிட்டிருந்தே?"

பயிற்சியாளர் துள்ளி எழுந்தார்.

"அப்போ அந்தப் புதுக் காவலாளி சொன்னது நிஜந்தானா? சாயங்காலம் நான் கிளம்பினப்புறம் திருட்டுத்தனமா ஒரு ஆமையோட சுத்தி வர்றியாமே! யாரு அது?"

"சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

"பெரிய வாக்கு! ஓட வராததுங்களுக்கெல்லாம் மைதானத்துல என்ன வேலை? கழுதையோட சேத்துக் கட்டினா குதிரைக்குத்தான் கால் போகும். அந்த ஆமை யாருன்னு மட்டும் தெரியட்டும், வாசப்படி மிதிக்க விடமாட்டேன்!"

அதுவரை தலைகுனிந்திருந்தவள் சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"அவ மிதிக்கப் பயந்துதான் சார் இருந்தா! நல்லா ஓடணும்னு ஆசையா வந்தவளை, 'நீ ஓடினா தரைதான் அதிரும், உருண்டுக்கிட்டே வீட்டுக்குப் போ'ன்னு எல்லார் முன்னாடியும் ஒருத்தர் சொல்லிச் சிரிச்சாரு. நாங்களும் கூடச் சிரிச்சோம். அன்னிலேர்ந்து ஒழுங்கா ஒரு வாய் சாப்பிடல அவ. யாரும் பாக்காத நேரத்துல நான் கூட ஓடினா வர்றேன்னா. அவ வேகத்துக்குத்தானே நான் ஓடணும்?"

பயிற்சியாளரின் முகம் சிவந்தது. இம்முறை கோபம் வேறு திசையில் பாய்ந்தது.

"எந்த மடையன் சொன்னான் அப்படி? வளர்ற பொண்ணைப் பாத்துப் பேசுற பேச்சா இது? பெத்தவன் காதுல விழுந்திருந்தா சும்மா விட்டிருப்பானா? பேரைச் சொல்லு, அந்த வாயை நானே கிழிக்கிறேன்!"

அவள் அவரையே பார்த்தாள்.

கதவு திறந்தது.

"ரெண்டு கடை ஏறி இறங்கினேன் டாக்டர், ஒருவழியா ஐஸ் கிடைச்சிடுச்சு," என்று மூச்சு வாங்கியபடி நுழைந்த பருமனான பெண், பயிற்சியாளரைக் கண்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அப்பா... அவளைத் திட்டாதீங்கப்பா. அந்தக் காவலாளி சொல்ற ஆமை நான்தான்."

பயிற்சியாளரின் கை தானாக உயர்ந்து அவர் வாயைப் பொத்தியது.

மருத்துவர் ஐஸ் பையை வாங்கிக்கொண்டார்.

"இதை நான் முட்டியில வைக்கிறேன் சார். தேள் கொட்டின இடத்துக்கு நீங்கதான் மருந்து போடணும்."