சட்டத்தின் நோக்கம்

“முதலாளியும் தொழிலாளியும் சம பலம் உள்ளவர்கள் இல்லை. பலவீனமானவர் பக்கம் நிற்பதுதான் தொழிலாளர் சட்டத்தின் நோக்கம்” என்றார் வக்கீல் சுப்ரமணியன்.

மேலாளர் மோகன்ராஜ் கைதட்டினார். அதைப் பார்த்து எல்லோரும் தட்டினார்கள்.

படப்பையைத் தாண்டி, கார்களுக்கு ஒயர் செய்யும் கம்பெனி அது. தகரக் கொட்டகையின் தரையில் வியர்வையோடு பெண்கள். ஏர்கூலர் வக்கீலுக்கு மட்டும்.

கனகவல்லி கைதட்டவில்லை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேலையிலிருந்து நிறுத்தி, மறுபடி புது ஆளாகச் சேர்த்துக்கொள்ளும் வழியைக் கம்பெனிக்குச் சொல்லிக்கொடுத்தவரே இந்த வக்கீல்தான். வருடக்கணக்காக உழைத்தும் அவள் இன்னும் புது ஆள்.

அன்று மாலை இரும்புலியூரில் இருக்கும் அவள் வீட்டுக்கு, மகள் சினேகாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். எல்லோருக்கும் சௌகரியப்படும் என்று மாப்பிள்ளை வீட்டார் தேர்ந்தெடுத்த நாள்.

கூட்டத்துக்கு வராதவர்கள் வேலைக்கும் வர வேண்டாம் என்று மோகன்ராஜ் முதல் நாளே சொல்லிவிட்டார்.

வக்கீல் தண்ணீர் குடித்துவிட்டுத் தொழிலாளியின் கண்ணியத்துக்கு வந்தார். குரல் தழுதழுத்தது. போன வருடமும் இதே வார்த்தையில்தான் தழுதழுத்தது.

கடைசியில், யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார்.

கனகவல்லி எழுந்தாள். “வூட்டுக்குப் போலாமா சார்?”

கூட்டம் சிரித்தது. வக்கீலும் சிரித்தார்.

“அதை நீங்க மேனேஜ்மென்ட்கிட்டதாம்மா கேக்கணும். நான் சட்டம் மட்டும்தான் பேச வந்தேன்.”

மோகன்ராஜின் முகத்தை அவள் பார்க்கவில்லை. பையை எடுத்தாள். பக்கத்திலிருந்து, உட்காரச் சொல்லிக் கையைப் பிடித்து இழுத்த லோகநாயகியை விலக்கிவிட்டு, உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே நடந்தாள்.

வேலை போய்விட்டது என்று தெரியும். பயம் வரும் என்று நினைத்தாள். அருவருப்புதான் வந்தது, எச்சிலில் கால் வைத்துவிட்ட மாதிரி.

கேட்டைத் தாண்டும்போது உள்ளே மறுபடி கைதட்டல் கேட்டது.

படப்பையில் தாம்பரம் பஸ்ஸுக்காக நின்றாள். எதிரே ஆட்டோ ஸ்டாண்டில் செங்கொடி ஏற்றி, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ரோட்டைக் கடந்து வந்து அவளிடமும் நீட்டினான்.

“மே தினம்க்கா, எடுத்துக்கோ.” அவளுடைய நீலக் கோட்டை மேலும் கீழும் பார்த்தான். “லீவு நாளும் அதுவுமா யூனிபார்ம் போட்டுகினு எங்க போய்ட்டு வர?”

கனகவல்லி லட்டை வாங்கிக்கொண்டாள்.

“எங்களுக்கு இன்னா சட்டம் கீதுன்னு சொல்லக் கூப்ட்டிருந்தாங்க.”