முப்பது நாள் ஞாபகம்

"நேத்து நான் ரொப்பினது எங்கம்மா போச்சு?"

மெஹபூப் அலி பாய் மானிட்டருக்குள்ளேயே தலையை விட்டுவிடுவார் போலிருந்தது. திரையில் ஆர்டர் படிவம் துடைத்து வைத்த மாதிரி காலி. பெயர் இல்லை, ஊர் இல்லை, எட்டு ஜோடி செருப்பும் இல்லை.

அந்தப் படிவத்தை எழுதிய ஈவ்லின், அதை மூடித் திரும்பத் திறந்து பார்த்தாள். அப்போதும் காலிதான்.

பாய்க்குத் திருவல்லிக்கேணியில் தோல் செருப்புக் கடை. தொண்ணூற்றொன்பதிலேயே இன்டர்நெட்டில் துபாய்க்கு விற்க ஆசைப்பட்டவர். அவர் கேட்டது ஒன்றுதான். ஆர்டரைப் பாதியில் மூடிவிட்டுப் போனாலும், மறுநாள் திறந்தால் நிரப்பினது அப்படியே இருக்க வேண்டும். ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஈவ்லின் அதை ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமாக எழுதியிருந்தாள். நிரப்பியதை அந்தக் கம்ப்யூட்டரிலேயே 'குக்கி' என்ற சின்னக் குறிப்பாகச் சேமித்து, திரும்ப வந்ததும் எடுத்துப் போடும். நேற்று பாய் முதலாளி அறையில் இதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தானே நிரப்பிவிட்டு, நாளைக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லிப் போயிருந்தார்.

"எத்தினி நாள் நிக்கும்னு சொன்னே?"

"முப்பது நாள், பாய். கம்ப்யூட்டர் காட்டற தேதியிலேருந்து முப்பது. அதுக்கப்புறம்தான் தானா அழியும்."

"முப்பது மணி நேரம்கூட நிக்கலியேம்மா."

பாய் கோபப்படவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஸ்ரீனிவாசராகவன் கதவைச் சாத்தினார். வெப்சைட் செய்து தரும் இந்தக் கம்பெனிக்கு முதலாளி. தி.நகரில் அவருக்கு ரொம்ப நேர்மையானவர் என்று பெயர். அந்தப் பெயரைப் பரப்புவதில் அவருடைய பங்குதான் அதிகம்.

"டெஸ்ட் பண்ணினேன்னு சொன்னியே?"

"பண்ணினேன் சார். என் மெஷின்ல பத்து நாளா மூடி மூடித் திறந்து பாத்தேன். ஒரு தடவைகூடத் தப்பலை."

"அப்போ என் மெஷின்ல மட்டும் ஏன் வரலை?"

"தெரியலை சார்."

"தெரியாதது தப்பில்லைம்மா. பொய் சொல்றதுதான் தப்பு. இந்த ஆபீஸ்ல நான் எதை வேணா பொறுத்துப்பேன், பொய்யைப் பொறுத்துக்க மாட்டேன்."

"சத்தியமா பொய் சொல்லலை சார்."

"நாளைலேருந்து வர வேண்டாம். அனுபவச் சான்றிதழ் வேணும்னா, டெஸ்ட் பண்ணாமலே பண்ணினதா பொய் சொன்னேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு. கம்பெனி மேல தப்பில்லைன்னு பாய்கிட்ட காட்டணும்."

சான்றிதழ் இல்லாவிட்டால் ஆறு மாத உழைப்பும் வீண். சாந்தோம் வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது மட்டும்தான்.

செய்த பாவத்தைச் சர்ச்சில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிப் பழகியவள், செய்யாத பாவத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அவர் இரண்டு தரம் படித்துப் பார்த்து, கடிதத்தை டிராயரில் வைத்துப் பூட்டினார். சான்றிதழை நீட்டினார். வேலை முடிந்த திருப்தியில் குரல்கூட இளகிவிட்டது.

"போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன உதவி. இந்த மெஷின்ல தேதியை மார்ச் ரெண்டுக்கு மாத்திட்டுப் போ."

"இது ஜூன் சார்."

"தெரியும். விளம்பரம் டிசைன் பண்ற சாஃப்ட்வேர் முப்பது நாள்தான் இலவசம். அப்புறம் பணம் கட்டுங்கறது. தேதியைப் பின்னாடி தள்ளிட்டா சமத்தா திறந்துக்கறது. மூணு மாசமா மார்ச்சுலயேதான் ஓட்டிண்டிருக்கேன்."

மவுஸைத் தொடப்போன ஈவ்லினின் கை அப்படியே நின்றது.

"நேத்து பாய் நிரப்பினப்போ என்ன தேதி சார் இருந்தது?"

"மார்ச்தான். திடீர்னு வந்து நின்னுட்டார், மாத்த நேரமில்லை. இன்னிக்குக் காலையிலதான் ஜூனுக்குக் கொண்டுவந்தேன்."

மார்ச்சில் எழுதின குக்கிக்கு ஏப்ரலோடு ஆயுசு முடிந்துவிட்டது. ஜூனில் தேடினால் எங்கிருந்து வரும்? அவள் பூட்டிய டிராயரையே பார்த்தாள்.

"எதுக்கு சார் இன்னிக்கு ஜூனுக்கு மாத்தினீங்க?"

"பின்னே? தப்பான தேதியைப் பாத்துட்டு, நாமெல்லாம் ஏமாத்துக்காரான்னு பாய் நினைச்சுட்டார்னா?"