கறுப்பி இறங்காத சனிக்கிழமைகள்

“தம்பி, இந்த மனுசனோட ஒருக்காப் போய்ப் பாருங்கோ. ஒரு மாதமாய் ஒவ்வொரு சனியும் வேட்டைக்கெண்டு போறார். பொழுதுபட்டாப் பிறகு நனைஞ்சு விறைச்சு வாறார். கேட்டா, கறுப்பி மரத்தால இறங்கேல்லையாம். குளிர்ப்பெட்டியில அதுக்கு வைச்ச கோழிக்குஞ்சும் கிடுகிடெண்டு முடியுது.”

தொலைபேசியில் பிளோறன்ஸ் அக்காவின் குரல் உடைந்திருந்தது.

“டிலானிக்குப் பிள்ளை பிறந்திருக்கு. பேத்தியைப் போய்ப் பாக்கமாட்டாராம். பருந்துக்குப் பின்னால திரிய மட்டும் ஏலும்.”

பாலச்சந்திரனுக்குக் கோபம் வந்தது.

வுப்பர்டால் தமிழருக்குள் பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணி, வேட்டைப் பருந்து வளர்க்கிற ஒரே ஆள் அக்காவின் கணவர் அல்பேர்ட் அண்ணைதான். மகள் டிலானி சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஜெர்மன்காரனைப் பதிவுத் திருமணம் செய்த அன்று, “இனி அவளின்ரை வாசல்படி மிதிக்கமாட்டன். எனக்குப் பிள்ளை கறுப்பிதான். எங்கை விட்டாலும் திரும்பி வரும்” என்று நாலு பேருக்கு முன்னால் சொன்னவர்.

இப்போது அந்தப் பிள்ளையும் கைவிட்டுவிட்டதாக்கும். மனுசனுக்கு நல்லாய் வேணும் என்று நினைத்துக்கொண்டுதான் அடுத்த சனிக்கிழமை அவருடைய காரில் ஏறினான்.

கார் அடுத்த நகரமான எசனை நோக்கித் திரும்பியது.

“ஏன், வுப்பர்டாலில முயல் இல்லையோ அண்ணை?”

“எசன் பூங்காவிலதான் கூட. பந்துத் திடல் முழுக்கத் தோண்டிப்போட்டுதுகள். வாற வருசம் இஞ்சை உதைபந்து உலகக் கிண்ணம், சும்மா விடுவாங்களே? நானாய்ப் போய்க் கேட்டு அனுமதி எடுத்தனான்.”

பின்சீட்டில் இருந்த பெட்டிக்குள் கறுப்பியின் கால் மணி கிணுங்கியது.

“அதுக்கு உங்களில நல்ல பாசம் என்ன?”

“பாசமோ? பசி, பாலா. ஒவ்வொரு காலமையும் நிறுக்கவேணும். தொள்ளாயிரம் கிராம் நிண்டா, கையை நீட்ட வந்து குந்தும். வயிறு நிறைஞ்சுதோ, என்னை ஆரெண்டும் தெரியாது. எவ்வளவு நம்பலாம் எண்டு தராசு சொல்லிப்போடும். முந்தி டிலானிதான் பள்ளிக்கூடம் போகமுதல் நிறுக்கிறவ…”

சட்டென்று வானொலியைப் போட்டார். பூங்கா வரும்வரை அதுதான் பாடியது.

பெட்டியைத் திறந்து பருந்தைக் கையுறையில் ஏற்றியபோது பாலச்சந்திரன் உற்றுப் பார்த்தான்.

“என்ன அண்ணை, தொண்டைக்குக் கீழ முட்டை மாதிரிப் புடைச்சிருக்கு? வருத்தமோ?”

“அது அப்பிடித்தான்.”

கையை வீசினார். கறுப்பி நேரே போய்ப் பூங்கா ஓரத்துப் பெரிய மரத்தில் குந்தியது. பத்தடி தூரத்தில் ஒரு முயல் ஆறுதலாகப் புல் தின்றது. கறுப்பி அதைக் கணக்கெடுக்கவே இல்லை.

அண்ணை மரத்தடிக்குப் போய், கோழிக்குஞ்சின் காலைக் கையுறையில் பிடித்துக்கொண்டு விசில் அடித்தார். கறுப்பி சொண்டைக் கிளையில் தேய்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பியது.

ஒரு மணித்தியாலம் போனது. இரண்டாயிற்று. மழையும் பனியும் கலந்து கொட்டத் தொடங்கியது. பாலச்சந்திரனுக்கு மூக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை.

“இந்தப் பருந்தை நம்பி இவ்வளவு நேரம் விறைக்கிறியள். பெத்த பிள்ளையை எட்டிப் பாக்க அஞ்சு நிமிசம் இல்லையோ?” என்று வெடித்தான்.

அண்ணையின் பார்வை மரத்தில் இல்லை. தெருவுக்கு அந்தப் பக்கம், இரண்டாம் மாடி ஜன்னல் ஒன்றில் நத்தாருக்குக் கட்டிய கடதாசி நட்சத்திரம் எரிந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் ஒரு பெண், குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு அங்கும் இங்கும் நடந்தாள்.

அண்ணையின் விசில் பாதியில் நின்றது. கண் நிறைந்துவிட்டது.

பாலச்சந்திரன் கண்ணில் வழிந்த மழையைத் துடைத்துவிட்டுப் பார்த்தான். அது டிலானி.

“அண்ணை… இது அவவின்ரை வீடோ?”

“நான் கறுப்பிக்காகத்தான் நிக்கிறன்” என்றார் அண்ணை.

ஜன்னலில் இருந்த பெண் மறைந்தாள். கொஞ்ச நேரத்தில் கீழ்க்கதவு திறந்தது. போர்வையில் சுற்றிய குழந்தையும் குடையுமாக டிலானி தெருவைக் கடந்து வந்தாள். அண்ணை அவசரமாக மரத்தை அண்ணாந்து, “கறுப்பி, வா! வா!” என்று முன்னையிலும் பலமாகக் கத்தினார்.

டிலானி பக்கத்தில் வந்து நின்று அவளும் அண்ணாந்து பார்த்தாள்.

“வயிறு முட்ட முட்டத் தீத்திப்போட்டு விட்டா, எந்தப் பருந்து அப்பா இறங்கும்?”

அண்ணை நீட்டிய கையைக் கீழே போட்டார்.

“கிலோவுக்குக் கிட்ட நிக்கும் போல. ஒரு மாதமாய் ஜன்னலால பாத்துக்கொண்டுதான் இருக்கிறன். இண்டைக்கு நீங்களாய் வருவியள், இண்டைக்கு வருவியள் எண்டு.” அவளும் கண்ணைத் துடைத்தாள். “கையுறையைக் கழட்டிப்போட்டு இவவைப் பிடியுங்கோ.”

அவர் கழற்றினார். விறைத்த கைகளை ஜக்கெற்றில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் பேத்தியை வாங்கினார்.

டிலானி இருவருக்கும் சேர்த்துக் குடையைப் பிடித்தாள்.

“அடுத்த சனிக்கு அதைப் பசியோட கொண்டு வாங்கோ, அப்பா. நீங்களும் பசியோட வாங்கோ.”