மருமகள் போட்ட சத்தம்

சனிக்கிழமை நாலு மணி ஆனால் போதும், மாமியார் குடையை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். எங்கே என்று சொல்ல மாட்டார். ஆறரைக்குத் திரும்பி வந்து, நேராகத் தன் அறைக்குள் போய்விடுவார்.

"பிடிக்கலைன்னா வாயைத் திறந்து சொல்லலாமே. இப்படி மூஞ்சியில அடிச்ச மாதிரி எழுந்து போகணுமா?" என்று மருமகள் கணவனிடம் குறைப்பட்டுக்கொள்வாள்.

அவன் என்ன செய்வான்? மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் அடி வாங்கிப் பழகியவன். வயசானவங்க, விட்டுடு என்று நழுவிவிடுவான்.

மருமகளுக்கு லேத் பட்டறையில் வேலை. கல்யாணத்துக்கு முன்னால் கிடார் வாசித்துக்கொண்டிருந்தாள். புகுந்த வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதமே கிடார் பரணுக்குப் போனது. ஏன் என்று கேட்டவர்களிடம் நேரமில்லை என்று சொல்லிவிட்டாள். பதினோரு வருஷம் கழித்து, வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது அது கீழே வந்தது. மறுபடி மேலே ஏற்ற அவளுக்கு மனம் வரவில்லை.

ஹெவி மெட்டல் குழு ஆரம்பிக்கப் போகிறேன் என்றதும் பட்டறையில் சிரித்தார்கள். அவள் கண்டுகொள்ளவில்லை.

ஆள் சேர்ந்த கதையே தனி. பட்டறைக்குக் கப்பி கடைந்து வாங்க வந்த லிஃப்ட் மெக்கானிக், காத்திருந்த நேரத்தில் மேஜையில் தாளம் போட்டார். விசாரித்தால், பேஸ் கிடார் வாசிப்பவராம். அவரைப் பிடித்துப் போட்டாள். டிரம்ஸுக்கு, ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு போடுகிறவர் வந்து சேர்ந்தார். பாடத்தான் யாரும் சரியாக அமையவில்லை. வந்தவர்கள் எல்லாம் மைக்கைப் பிடித்து இருமிவிட்டுப் போனார்கள்.

கடைசியில், மகளுக்கு நர்சரியில் பாடம் எடுத்த டீச்சர் தயங்கித் தயங்கி வந்து, தான் ஒருமுறை பாடிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். ஐந்தடிகூட இல்லை. அதிர்ந்து பேசாதவர். வாயைத் திறந்தார் பாருங்கள், அடிவயிற்றிலிருந்து கிளம்பிய உறுமலில் மாவுக்கட்டுக்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார்.

முப்பது பிள்ளைகளை அடக்குகிற தொண்டை இல்லையா.

குழுவுக்கு 'துரு' என்று பெயர் வைத்து, சனிக்கிழமைதோறும் நாலு மணிக்கு வீட்டின் பின்கட்டில் பயிற்சியை ஆரம்பித்தார்கள். முதலில் ஒருவர் கிழக்கே இழுத்தால் இன்னொருவர் மேற்கே இழுத்தார். மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை, நாலு பேரும் பிசிறில்லாமல் ஒரு பாட்டை முடித்தார்கள். லிஃப்ட் மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மருமகளுக்குப் பெருமை பிடிபடவில்லை. "இவ்வளவு சத்தம் போடுறோம். தெருவுல ஒருத்தர்கூட முகம் சுளிக்கலை. வாசிப்பு அப்படி. வீட்டுல இருக்கிறவங்களுக்குத்தான் காது கொடுக்க மனசில்லை" என்றாள்.

நாலாம் மாதம், நகர மண்டபத்தில் புதுக் குழுக்களுக்கான போட்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. மாமியாரையும் அழைத்தாள். தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார் அவர். அதற்கு மேல் மருமகளும் கேட்கவில்லை.

மற்ற குழுக்களில் எல்லாம் இளவட்டங்கள். இந்த நாலு பேர் மேடையேறியபோது, ஸ்பீக்கர் ரிப்பேர் பண்ண வந்தவர்கள் என்றுதான் பலர் நினைத்தார்கள். டீச்சரின் முதல் உறுமலில் மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. மருமகளின் விரல்கள் கம்பிகளில் தெறித்து ஓடியபோது எழுந்தே நின்றுவிட்டது. இரண்டாம் பரிசுதான் கிடைத்தது. ஆனால் முதல் பரிசு வாங்கிய பையன்கள் தேடி வந்து, அந்தக் கிடார் துண்டை எப்படி வாசித்தீர்கள் என்று அவளிடம் கேட்டுப் போனார்கள்.

மூன்றாவது வரிசையிலிருந்து அவள் தெருக்காரர்கள் கூட்டமாக எழுந்து வந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் அவளை அப்படியே கட்டிக்கொண்டாள்.

"நீங்க எல்லாரும் வந்துட்டீங்க. எங்க அத்தைக்குத்தான் மனசு வரலை" என்றாள் மருமகள்.

பக்கத்து வீட்டுப் பெண் அவளை வினோதமாகப் பார்த்தாள்.

"அவங்க வராததாலதான் என்னால வர முடிஞ்சுது. என் கைக்குழந்தை இப்ப அவங்ககிட்டதான் இருக்கு."

"உங்க குழந்தையா?"

"நாலு மாசமா அப்படித்தானே. சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து குழந்தையைத் தூக்கிட்டுப் பூங்காவுக்குப் போயிடுவாங்க. எதிர்வீட்டுப் பெரியவருக்குச் சத்தம் கேட்டா படபடப்பு வரும். அவரையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவாங்க."

மருமகள் பரிசுக் கோப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தாள்.

"நீங்க ஆரம்பிச்ச முதல் வாரமே வீடு வீடா வந்தாங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டாங்க" என்று அந்தப் பெண் மெல்லச் சொன்னாள். "'சத்தமா இருக்குன்னு யாரும் என் மருமககிட்ட சொல்லிடாதீங்க. அவ வந்த புதுசுல நான் ஒரே ஒரு தடவை சொன்னேன். பதினோரு வருஷம் அவ கிடாரைத் தொடலை.'"