கொத்தனார் செய்த தவறு

கடல் ஊருக்குள் ஏறும் மாதங்களில் பழைய காவல் கோபுரத்துக்குள் ஒதுங்க வேண்டுமென்றால் ஆண்டுச் சந்தா கட்டியிருக்க வேண்டும். வாசல் இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது. சந்தாக்காரர்களின் முகத்தைக் கண்டால் மட்டும் இரும்பு ஏணி தானாகக் கீழே இறங்கும்.

பிரகாசி அங்கே வழிகாட்டி. கடற்கொள்ளைக்காரர்களிடமிருந்து இந்த மீனவர் ஊரைக் காப்பாற்ற வெள்ளைக்காரன் கட்டியது என்று தினமும் வாய் வலிக்கச் சொல்வாள். கடலைப் பார்த்த சுவர் ஒரு முழம்தான், ஊரைப் பார்த்த சுவர் மட்டும் ஏன் நான்கு முழம் என்று யாராவது கேட்டால், நிர்வாகம் சொல்லிக்கொடுத்த பதிலைச் சொல்வாள்.

"கொத்தனார் திசை தெரியாம மாத்திக் கட்டிட்டாருங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

அன்று மத்தியானம் அபாயச் சங்கு ஊதியது. வந்திருந்த சந்தாக்காரர்களை உள்ளே ஏற்றிவிட்டு அவள் திரும்புவதற்குள் ஏணி மேலே வந்துவிட்டது. கீழே இடுப்பளவுத் தண்ணீரில் அவள் புருஷன் சூசை, தோளில் மகளோடு நின்றான். அவனுக்குப் பின்னால் தெருவே நின்றது.

"ஏட்டி பிரகாசி, ஏணிய எறக்கச் சொல்லுட்டி! புள்ளைய மட்டுமாவது வாங்கிக்கோ!"

அவள் வாசலருகே நின்ற கோபுர மேலாளரைப் பார்த்தாள்.

"ஒருத்தருக்கு எறக்குனா ஊரே ஏறிரும்மா," என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். கதவு சாத்திக்கொண்டது.

அவள் ஊர்ப்பக்கச் சுவருக்கு ஓடி, அதிலிருந்த துப்பாக்கித் துளைக்குள் தோள்வரை கையை நுழைத்தாள். விரல்நுனி கூட வெளியே எட்டவில்லை.

கொத்தனார் எதையும் மாற்றிக் கட்டவில்லை.