அடித்தொட்டி

நம்ம தெருவிலோ அடுத்த தெருவிலோ ஒரு வீட்டில் கண்ணாடி மீன்தொட்டி ஒன்று இருந்ததாம். செவ்வாலன் என்ற மீன் பிறந்து வளர்ந்ததெல்லாம் அதற்குள்தான்.

வீட்டுக்காரர் ஆறடியில் புதுத் தொட்டி கட்டக் கிளம்பினார். "பழசு இல்லாம புதுசு ஓடாது," என்று மனைவியிடம் அவர் சொன்னதைக் கேட்ட பழைய தொட்டிக்குத் தலைகால் புரியவில்லை. "நம்மளையும் சேர்த்துக்கிறாங்கடா," என்றது செவ்வாலனிடம்.

சேர்த்துக்கொள்ளத்தான் செய்தார்கள். மீன்கள் மேலே புதுசுக்குப் போயின. பழசின் வயிற்றில் பஞ்சையும் மோட்டாரையும் திணித்து, கீழ் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். மேலிருந்து குழாயில் அழுக்குத் தண்ணீர் இறங்கும். அதை வடிகட்டி மேலே அனுப்புவது அதன் வேலை. "புது வீட்டுத் தண்ணி என்ன தெளிவு," என்று செவ்வாலன் பீற்றிக்கொள்வது குழாய் வழியே கேட்கும். குரலாவது கேட்கிறதே என்று தொட்டி இருந்தது.

ஒரு நாள் துள்ளி விளையாடிய செவ்வாலன் குழாயில் வழுக்கிக் கீழே வந்து விழுந்தான்.

"வாடா கண்ணு, என்னை ஞாபகம் இருக்கா?" தொட்டி பூரித்துப்போனது.

செவ்வாலன் செவுளை இறுக்கிக்கொண்டான். "யாரு நீ? இந்த நாத்தத்துல எப்படித்தான் இருக்கியோ."

'நீங்க அனுப்புறதுதான்' என்று சொல்ல வந்தது தொட்டி. ஆனால் மேலே தண்ணீர் அனுப்புகிற வேலை இருந்தது.